ரங்கநாதர் ஊருக்கு ஓரவஞ்சனையா?

கேள்வி: 2019 டிசம்பர் 26 கிரகணத்தில் ஊட்டிக்கு நெருப்பு வளையம், எங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெறும் பிறை. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: பெருமாளை இழுக்காதீர்கள், அவர் பள்ளிகொண்டிருக்கிறார்! சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு அகலம். தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. இதற்கு விதி எதுவும் கிடையாது, சுத்தத் தற்செயல்.

அன்று நிலா சற்றுத் தள்ளி நின்றது. மூடப் போதவில்லை, சூரியனின் விளிம்பு மிஞ்சியது. வளையம் தெரிந்த குறுகிய பட்டை கண்ணூர், ஊட்டி, கோவை வழியாகப் போக, உங்கள் ஊர் அதற்கு வடக்கே மாட்டிக்கொண்டது.

1980 பிப்ரவரி 16 முழு கிரகணமோ ஹூப்ளி, ராய்ச்சூர் பக்கம் போனது. அப்போது நீங்கள் தெற்கே!

நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது. முழு கிரகணங்கள் தீர்ந்துபோக இன்னும் சுமார் 60 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் முறை வந்துவிடும்.