வெட்டுக்கத்தி இரவல் போதல்: போளூரை முன்வைத்து ஓர் ஆய்வு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், போளூர் வீட்டுமனைகளைச் சூழ்ந்து மண்டிக் கிடக்கும் புதர்களை அகற்றுதற்குரிய கருவி வெட்டுக்கத்தி எனப்படும். அடுக்களைக் கத்தியினும் நீளமும் கனமும் மிக்கதாய், நுனி சற்றே உள்வளைந்து, கொல்லர் பட்டறையில் கையால் அடிக்கப்படும் இவ்வகைக் கருவியைத் தென்மாவட்டத்தார் அரிவாள் என்பர். கொங்கு நாட்டார் கொடுவாள் என்பர். மலேசியத் தோட்டங்களில் உழைத்த தமிழர் மலாய்ச் சொல்லை ஒட்டிப் பாராங்கத்தி என்பர். அண்டை வீட்டார் மட்டும் 'அந்தக் கத்தி' என்பர். கையில் முள்ளேறாமல் வேலிக்காத்தானை வெட்டும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாதலின், அதற்கு முன் அறிய வேண்டிய சிலவற்றை முதலில் கூறுதல் தகும்.

வேலிக்காத்தான் என்பது சீமைக் கருவேலத்தின் மற்றொரு பெயர். அமெரிக்கக் கண்டத்துத் தாவரமான இது 1870களில் விறகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலியைக் காக்கும் என்று பெயர் வைத்தவர்கள், அதனிடமிருந்து வேலியை யார் காப்பது என்பதைக் கூறாமல் விட்டனர். தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும் இயல்புடையது என்பதால், வேரோடு களைந்தாலொழிய வெட்டியவருக்கு மிஞ்சுவது தோள்வலி ஒன்றே. பார்த்தீனியத்துக்குக் கத்தியே வேண்டியதில்லை. பூப்பதற்கு முன் கையுறை அணிந்து பிடுங்கினாலே போதும். கண்ணாடி விரியன் பதுங்கியிருக்கக்கூடும் என்பதால் எந்தப் புதரையும் முதலில் நீண்ட கோலால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது பாடமாகச் சொல்லப்படுவது. மனைவியர் திண்ணையிலிருந்து உரக்கச் சொல்வதும் அதுவே.

கத்தியின் பிறப்பும் அறியத்தக்கது. பழைய லாரிப் பட்டா, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கி வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டை, அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரிமம் கொண்டிருப்பதால் கத்திக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. அதனைக் கொல்லர் உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, கருக்கு எனப்படும் வெட்டும் விளிம்பைத் தோய்த்துப் பதமேற்றுவார். பதம் மிஞ்சினால் கருக்கு உதிரும், குறைந்தால் மடங்கும். பிடி பிளவாதிருக்க அதன் வாயில் மாட்டும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். தமிழ்நாட்டில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்செல்வதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வு காட்டுவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அகழாய்வுகளில் இரும்புக் கருவிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பதற்கு ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். இரவல் வாங்கியவர் வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருப்பார் என்ற எளிய காரணம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

இரவல் என்பது திருப்பித் தருவதாகக் கூறிப் பொருளைப் பெறுதல். இதற்கு அடுத்த தெருவிலும் அகராதியிலும் பொருள் வேறுவேறாக உள்ளது. ஆரணிப் பட்டுநெசவு நடக்கும் வீடுகளில் தறியின் நாடாவை எவரும் இரவல் கேட்பதில்லை, சவரக்கத்தியைக் கேட்பதில்லை, மூக்குக்கண்ணாடியைக் கேட்பதில்லை. வெட்டுக்கத்தியை மட்டும் ஊர்ப் பொதுக்கிணறாகக் கருதுகின்றனர். கேட்கும்போது வழங்கும் 'ரெண்டே நிமிஷம்' என்ற தொடர் ஒரு கால அளவை. அது பதினோரு நாள்முதல் ஒரு பருவமழை வரை நீளும். 'சும்மா ஒரு கிளைதான்' என்பதில் வரும் கிளை, பெரும்பாலும் மரத்தினுடையதாக இராது. திரும்பி வரும் கத்தியின் கருக்கைப் படிக்கத் தெரிந்தவர், அது சென்ற இடங்களையெல்லாம் கூறிவிடலாம்: அரைவட்டப் பொக்கை ஆணியைக் குறிக்கும், வரிசையான சிறுபொக்கைகள் கம்பிவேலியைக் குறிக்கும், அகன்று மழுங்கிய இடம் கருங்கல்லைக் குறிக்கும், பக்கவாட்டில் நீலநிறத் தீற்றல் இருப்பின் பெயிண்ட் டப்பா திறக்கப்பட்டது, முதுகில் சிமெண்ட் இருப்பின் எவர் வீட்டிலோ குளியலறை கட்டப்படுகிறது, மீன் செதில் இருப்பின் அன்று ஞாயிற்றுக்கிழமை. பூண் காணாமற்போய்த் துணி சுற்றியிருப்பின் அது பழுதுபார்ப்பு எனப்படும். அதற்கு நன்றியும் எதிர்பார்க்கப்படும். இவற்றுள் எதைச் சுட்டினாலும் கிடைக்கும் விடை ஒன்றே: 'வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.' கத்தி, அரிவாள் விற்போர் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்க வேண்டும் எனத் தமிழகக் காவல்துறை 2021 செப்டம்பரில் அறிவுறுத்தியது. வாங்கியவரிடமிருந்து வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கிய அவர் மைத்துனர், மைத்துனரிடமிருந்து வாங்கிய பந்தல்காரர் ஆகியோரைக் குறிப்பதற்கு எந்தப் பதிவேட்டில் இடமிருக்கும் என்பது தெளிவாக்கப்படவில்லை.

இரவலின் உச்சநிலை ஆயுத பூசையன்று வெளிப்படும். கருவிகளைத் துடைத்து விபூதியும் குங்குமமும் இட்டு ஓய்வளிக்கும் அந்நாளில், இக்கட்டுரையாளரின் கத்தி அண்டை வீட்டாரின் சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் நடுவே, அவர்தம் குடும்பச் சொத்தாக, சாமந்திப்பூ சூடி வீற்றிருந்தது. அந்தப் பூசையின் பொரிகடலை இங்கும் அனுப்பப்பட்டது. கட்டுரையாளர் அதைத் தின்றார் என்பதும் ஆய்வு நேர்மை கருதி இங்குப் பதிவு செய்யப்படுகிறது. கேட்டுப் பெறுவதற்கு நாக்கு எழாதவர் பொரியை மறுப்பதால் என்ன பயன்?

சென்ற ஞாயிறன்று, கொல்லைப்புற வேலிக்காத்தான் கிணற்றடி வரை வந்துவிட்டதால், கட்டுரையாளர் மதிலருகே சென்று, கத்தியைச் சற்றுத் தர இயலுமா என வினவ நேர்ந்தது. உரிமையுடையவர் உரிமையை நினைவூட்டாமல் தலையைச் சொறிந்துகொண்டு வினவியது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது. உள்ளிருந்து கத்தி வந்தது. புதுப்பிடி போடப்பட்டு, அதில் அந்த வீட்டாரின் முதலெழுத்து சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: 'சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க சார், எங்களுக்கு வேலை இருக்கு. கல்லுல கில்லுல போட்டுடாதீங்க.'

மாலை ஐந்தரைக்கே, துடைத்து, எண்ணெய் தடவி, திருப்பித் தரப்பட்டது.