கவரேஜ் அண்ணன்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் பரமத்தி ரோடு வரைக்கும் எங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி போர்டு மாட்டினாலும், பால் காய்ச்சுவதற்குள் ஒருவர் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன், எந்த மாநாட்டிலோ கொடுத்த தோள்பை. அப்பா அம்மா வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் ஊருக்கு அவர் 'கவரேஜ் அண்ணன்'. ஊருக்கு ஒருவர் உண்டு. பெரிய ஊரில் இரண்டு பேர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

முன்பெல்லாம் நகைக்கடைத் திறப்பு, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று பிழைப்பு ஓடியது. குத்துவிளக்கேற்றும் படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' எழுதுவதில் அவரை அடிக்க ஆளில்லை. சேலம் கருப்பூரில் 2024-இல் மினி டைடல் ஐ.டி. பூங்கா திறந்ததும் விசிட்டிங் கார்டை மாற்றிவிட்டார். 'பத்திரிகைத் தொடர்பு' இருந்த இடத்தில் இப்போது 'ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்ஸ்'. போன் நம்பர் மட்டும் பழையது.

தொழில் பரம்பரை கேட்டால், ஏற்காடு ரோட்டில் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ வளைவைக் கையால் காட்டித்தான் ஆரம்பிப்பார். அதே மூச்சில், 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆன கதைக்கு வந்துவிடுவார். அந்தப் படத்துக்கும் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சொல்லமாட்டார்.

அவருடைய இப்போதைய பார்ட்டி, நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கணக்குக்கு ஆப் எழுதிய ஒரு பையன். தீவனம் எவ்வளவு, முட்டை எவ்வளவு, செத்த கோழி எவ்வளவு என்று தட்டினால் லாப நஷ்டம் வரும். உருப்படியான ஆப்தான். அண்ணன் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஏ.ஐ.ன்னு போட்ரலாமுங்க தம்பி" என்றார்.

"அண்ணா, அது வெறும் கூட்டல் கழித்தல்தானுங்க."

"கூட்டறது யாரு? மெஷின். அப்ப செயற்கை. தப்பாக் கூட்டுமா? கூட்டாது. அப்ப நுண்ணறிவு. அப்புறம் என்னுங்க?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக அமெரிக்காவையே சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். செயற்கை நுண்ணறிவை வைத்து முதலீடு செய்கிறோம் என்று இல்லாததைச் சொன்ன இரண்டு நிறுவனங்களுக்கு, அங்கே பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் மொத்தம் 4,00,000 டாலர் அபராதம் போட்டது. அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அந்த ரெண்டு கம்பெனிக்கும் நல்ல கவரேஜ் வந்திருக்குமேங்க" என்றார்.

சிரித்தாலும் அவரை லேசாக எடைபோட முடியாது. தொழில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் மனிதர் கெட்டி. காலையில் எழுந்ததும் சாட்ஜிபிடியைத் திறந்து, "நாமக்கல் கோழிப்பண்ணைக்கு எந்த ஆப் நல்லது?" என்று கேட்கிறார். அது யார் யார் பெயரையோ சொல்கிறது. அண்ணன் முகம் வாடிவிடுகிறது. "நிருபர்னா ஒரு தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்து, சேதியை நிதானமா எடுத்துச் சொல்லலாம். இதுக்கு என்னத்தைங்க வாங்கிக் குடுக்கறது?"

விடையையும் அவரே கண்டுபிடித்தார். அந்த இயந்திரம் சொந்தமாக எதையும் விசாரிப்பதில்லை. வெளியே எழுதிக் கிடப்பதை வைத்துத்தான் பேசுகிறது. கம்பெனி தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதைவிட, செய்தித்தாளும் வாடிக்கையாளரும் எழுதியது அங்கே எடுபடுகிறது. பெரிய நகரத்து விளம்பர நிறுவனங்கள் இப்போது இதற்கென்று தனிப் பிரிவே நடத்திக் காசு பார்க்கின்றன. "பேப்பர் செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நானு. இப்ப மெஷினே பேப்பரைத்தானுங்க படிக்குது" என்று பழையபடி பத்திரிகை ஆபீஸ் படியேறத் தொடங்கிவிட்டார். அவர் கேட்பதெல்லாம் ஒரு சின்ன பெட்டிச் செய்தி. இடம் மட்டும் முட்டை விலைக்குப் பக்கத்தில் வேண்டும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி. அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையைப் பார்க்காமல் இந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணையாளரும் பேப்பரை மடிப்பதில்லை. அதைவிட உயர்ந்த இடம் முதல் பக்கத்திலும் கிடையாது. இதில் அண்ணன் சொல்வதுதான் சரி.

அடுத்து, நிறுவனரே நேரில் பேச வேண்டிய காலம் இது என்றார். ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் வேட்டி கட்டி சைக்கிளில் போவதும், எக்ஸ் தளத்தில் தானே பதில் எழுதுவதும் அவருக்குப் பாடப்புத்தகம். பையனையும் வேட்டியில் படம் எடுக்கலாம் என்றார். அவன் வீட்டில் எல்லாருமே வேட்டிதான். "வேட்டி கட்டறதுக்கு மாசாமாசம் உங்களுக்குப் பணம் கட்டணுமாங்கண்ணா?" என்றான் பையன்.

2025 செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர் ஒருவர் ஜோஹோவின் 'அரட்டை' ஆப்பைப் பயன்படுத்தச் சொல்லி எழுதினார். மூன்றே நாளில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்வதாக வேம்பு அறிவித்தார். அண்ணன் இரண்டு நாள் தூங்கவில்லை. நமக்கும் ஒரு அமைச்சர் வேண்டும் என்று கிளம்பியவர், கடைசியில் ஒரு வார்டு கவுன்சிலரோடு திரும்பினார். கவுன்சிலர் தன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். அன்றைக்கு ஆப்பில் சேர்ந்தவர்கள் மூன்று பேர்; ஒருவர் கவுன்சிலரின் மச்சான்.

கெட்ட நேரத்துக்கும் அண்ணன் தயார். கணினி அமைப்பில் யாராவது புகுந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டுவிட்டது. அது அரசாங்கத்துக்குச் சொல்வது. ஊருக்குச் சொல்லும் கடிதம் அண்ணனின் பென்டிரைவில் எப்போதும் இருக்கிறது: 'மன்னிப்பு - ஃபைனல் - 3'. கம்பெனி பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம். ஆப் வெளியீட்டு விழா அழைப்பிதழை எழுதுவதற்கு முன்பே இதை எழுதிவிடுவாராம்.

பில்லோடு அவர் வந்த அன்று, திருச்செங்கோட்டிலிருந்து பையனின் அப்பாவும் வந்திருந்தார். போர்வெல் ரிக் வண்டி முதலாளி. பெயரும் போன் நம்பரும் எழுதிய அவருடைய வண்டி, வடநாட்டில் எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் பில்லை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நம்ம தொழில்ல, ஒரு காட்டுல தண்ணி வந்துச்சுன்னா பக்கத்துக் காட்டுக்காரர் தானா கூப்புடுவாருங்க. அதுக்கு உங்க பாசையில என்னுங்க பேரு?"

"ரெஃபரல் மார்க்கெட்டிங்குங்க ஐயா."

"தண்ணி வரலைன்னா?"

"அது க்ரைசிஸ் கம்யூனிகேஷனுங்க."

"நாங்க அதுக்கெல்லாம் பேரு வெக்கறதில்லீங்க. தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக்கு இத்தனைன்னு வாங்கிட்டு வண்டியை எடுத்துருவோம்."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு மரியாதையாகப் பில்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மறு மாதத்திலிருந்து பார்ட்டி எதுவானாலும் அவருடைய கணக்கு வேறு: செய்தி வந்தாலும் வராவிட்டாலும் பக்கத்துக்கு இவ்வளவு. புது பில்லைப் பார்த்த பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"கேசிங் பைப்பு இதுல சேத்திங்களா, தனிங்களா?"