‘ஊறட்டும்’: முகாம் அண்டாவின் இலக்கணமும் இயற்பியலும்

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ‘நான் அல்ல, நீ’ என்று பொருள்படும் முழக்கம் ஒன்று உண்டு. மாணவர்கள் இதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: சிறப்பு முகாமில், சாப்பாட்டுக்குப் பிந்தைய குழாயடி.

ஆய்வுக்களம், ஒரு கிராமத்துப் பள்ளி. காலம் 7 நாள். ஆய்வுக்குட்பட்டோர் 50 பேர், குழாய் ஒன்று. ஆய்வாளரும் அந்த ஐம்பதில் ஒருவர் என்பதால் முடிவுகளில் லேசாகக் கசப்புத் தட்டலாம்.

முதலில் நிலவுடைமை. தட்டும் டம்ளரும் பட்டா நிலம். அவரவர் தட்டை அவரவர் கழுவிவிடுவார்கள், அல்லது கழுவியதுபோல் தண்ணீர் காட்டிவிடுவார்கள். சாம்பார் அண்டாவோ புறம்போக்கு. எல்லாரும் அதிலிருந்து அள்ளியிருக்கிறார்கள். ஆனால் அது யாருடையதும் அன்று.

பட்டியல் போட்டு, அண்டாவுக்கு எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தால் தீர்ந்ததா? மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் வெளிப்படுவது அவரவர் பலத்தில் ஏறக்குறையப் பாதிதானாம். எங்கள் குழுவில் இருவர் தேய்த்தார்கள், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், மீதிப் பேர் “அந்த ஓரம், அந்த ஓரம்” என்றார்கள்.

இனி ஆய்வின் மையப்பொருள். முதல் நாள் இரவு, அடிப்பிடித்த அண்டாவில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு மாணவன் சொன்னான்: “ஊறட்டும்.”

இந்தச் சொல்லின் நுட்பத்தை இலக்கணம் படித்தவர்களே உணர முடியும். இது வியங்கோள். ‘கழுவு’ என்றால் முன்னிலை ஏவல். எதிரே ஓர் ஆள் நின்றாக வேண்டும், அவன் முறைப்பான். ‘கழுவுகிறேன்’ என்றால் தன்மை, மாட்டிக்கொள்வோம். வியங்கோளோ திணை, பால், இடம் அனைத்துக்கும் பொது. ஊறுவது அண்டாவின் வேலை. ஊறியபின் கழுவுவது யார் என்ற கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே வராது. அஃறிணைக்கும் பொது என்ற விதி மெய் என்பதை மறுநாள் விடியற்காலையில் ஊர் நாய் ஒன்று சோற்றுக் குண்டானை நக்கி நிறுவியது.

சொன்னவனுக்கு அறிவியலும் துணை நிற்கிறது என்பதுதான் எரிச்சல். காய்ந்து ஒட்டிய மாவுப்பொருள் நீரை இழுத்து உப்பி, பிடி தளரும். ஊறவைத்தால் தேய்க்கும் பாடு நிச்சயம் குறையும். ஆனால் அதற்குச் சில மணி நேரம் போதும். மூன்றாம் நாளும் ஊறினால் அங்கே நடப்பது வேதியியல் அன்று, உயிரியல். இத்தனைக்கும் மருந்து அடுப்படியிலேயே கிடந்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கழற்றும். சமையல்கார அக்கா சாம்பலையும் தேங்காய் நாரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனார். இரண்டும் அப்படியே கிடந்தன.

இடையில் ஒரு குறிப்பு: “நீங்க கழுவுனாத்தான் பளிச்சுன்னு இருக்கு” என்று மாணவியரிடம் சொல்லப்பட்டதை இவ்வாய்வு பாராட்டாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாணவியரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவர்களும் “ஊறட்டும்” என்றார்கள்.

ஐந்தாம் நாள் மாலை, திட்ட அலுவலர் ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டா முன் குத்தவைத்தார். நாரைச் சாம்பலில் தோய்த்தார். “சார், நீங்க விடுங்க சார்!” என்று நாலா பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். அவர் விடவில்லை. அவர் கையிலிருந்த நாரைப் பிடித்து எட்டுப் பேர் இழுத்தார்கள், எட்டுப் பேரும் முழுப் பலத்தோடு. நார் என்பதும் திரிக்காத கயிறுதான்; ரிங்கெல்மன் அங்கே இருந்திருந்தால் தராசைத் தட்டிப் பார்த்திருப்பார்.