வாசலுக்கு வந்த புத்தகங்கள்

சங்கு ஊதினால் டிஐ சைக்கிள்ஸ், டன்லப் என்று ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளும் சாப்பாட்டுத் தூக்குமாக ரோட்டை நிறைத்துவிடுகிற எண்பதுகளின் அம்பத்தூரில், கேரியரில் புத்தகக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குவார் லெண்டிங் லைப்ரரிக்காரர். உங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்திருப்பார். குமுதமும் விகடனும் அப்பாவுக்கு; வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தடித்த பைண்டு அம்மாவுக்கு. பழைய புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது அவர் அட்டையைப் பார்க்க மாட்டார், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். லக்ஷ்மியும் சிவசங்கரியும் படித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் சுஜாதாவைக் கொடுத்து, "ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேம்மா" என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்கினாள். அப்புறம் எங்கள் வீட்டில் சுஜாதா புத்தகம் வந்தால் அவள் முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. பாட்டி தவறிப்போன மாதம் சாவு வருகிற கதை ஒன்றைக்கூட அவர் தரவில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை, வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்திருப்பார்.

இன்று அந்த வேலையை என் போன் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லேத் பட்டறைகளுக்கு நடுவே ஐடி கட்டடங்கள் எழுந்துவிட்ட தொழிற்பேட்டைப் பக்கம் தினமும் நடக்கப் போவதாலோ என்னவோ, ஓய்வு பெற்ற எனக்குக் கோடிங் வகுப்பைச் சிபாரிசு செய்கிறது. பேரன் ஒருமுறை என் போனில் டைனோசர் பார்த்தான், இன்றுவரை விடியற்காலை சுப்ரபாதத்துக்கு அடியில் டைனோசர்கள் உறுமுகின்றன. இருவரும் சேர்ந்து சிரிப்போம். ஆனால் அம்மாவின் கடைசி வருடத்தில் அவளுக்காகத் தேடி வாங்கிய வாக்கரும் முட்டிக் கட்டும், அவளுக்கு வருஷாப்திகம் முடிந்த பிறகும் வந்துகொண்டே இருக்கின்றனவே, அப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்தச் சிபாரிசுகளின் சூட்சுமம் பெரிய ரகசியமில்லை. 2003-ல் அமேசான் பொறியாளர்கள் மூவர் எழுதிய கட்டுரையிலேயே அது இருக்கிறது: ஆளை ஆளோடு ஒப்பிடுவதைவிட, பொருளைப் பொருளோடு ஒப்பிடுவது வேகமானது, இதை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் போதும். 2006-ல் நெட்ஃபிளிக்ஸ், ரசிகர்கள் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவார்கள் என்ற தன் கணிப்பைப் 10 சதவீதம் செம்மைப்படுத்துகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. உலகமெங்கும் கணித வல்லுநர்கள் மல்லுக்கட்டி, 2009-ல்தான் ஒரு குழு பரிசை வாங்கியது. அவ்வளவு மூளையும் உழைப்பும் நான் மதிக்கிறவை. அதே போன்தான் நான் மறந்தே போயிருந்த வானொலி நாடகம் ஒன்றை நள்ளிரவில் தேடிக் கொண்டுவந்தும் கொடுத்தது. இருந்தாலும், தொட்டவற்றை வைத்தே நம்மை எடை போடுகிற அந்தக் கணக்குக்குள், "படிச்சுத்தான் பாருங்களேம்மா" என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. பந்தலைப் பார்க்கிற கண்ணும் அதற்கில்லை.

வேண்டாம் என்று அழுத்தினால், காரணம் கேட்கிறது. பிடிக்கவில்லை, அடிக்கடி வருகிறது, ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இவற்றில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். வாங்கிவிட்டேன் என்று அழுத்தினேன். வாக்கர் நின்றுபோய், மறுநாளிலிருந்து சக்கர நாற்காலி வருகிறது.