ஷெட்யூல் வந்த காலம்

மறைமலைநகர்த் தொழிற்பேட்டையில் எங்கள் நல்ல காலமும் கெட்ட காலமும் ஒரு தாளில்தான் வரும். ஷெட்யூல் என்போம். அடுத்த மாதம் எத்தனை பீஸ், எந்த வாரம் எவ்வளவு என்று கார் கம்பெனி சப்ளையருக்குக் கொடுக்கும் கணக்கு அது.

செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்து, 1999இல் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். ஃபோர்டு ஐகான் வந்த புதிது. கதவுக்குள் போகும் பிராக்கெட்டை அடித்து, பிசிறு எடுத்து, கேஜ் போட்டுப் பார்த்து அனுப்புவோம். கேஜின் ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டுமே போகவில்லை என்றால் ரீமர் விட்டுச் சரிசெய்யலாம். இரண்டும் போய்விட்டால் ஸ்கிராப்தான். தப்பித் தவறி அப்படி ஒன்று போய் ஃபோர்டு ஆலையில் லைன் நின்றால் எங்கள் ஷாப்பே கதிகலங்கும். அந்தப் பயத்தில் ஒரு பெருமையும் இருந்தது. ரோட்டில் ஐகான் போனால் கதவைத்தான் பார்ப்பேன்.

2010 மார்ச்சில் ஃபிகோ வந்ததும் ஷெட்யூல் கிடுகிடுவென ஏறியது. ராத்திரி ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று ஓடினேன். அந்தப் பணத்தில் சிங்கப்பெருமாள்கோவிலில் மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டினோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். நான் எழும்போது பள்ளிக்கூடம் போயிருப்பாள். அவளுக்குப் பல் விழுந்ததுகூட மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. நாலாயிரம் பேருக்குப் பாதிப்பு என்றார்கள். அது அவர்களுடைய நேரடி ஊழியர்களின் கணக்கு. பிராக்கெட் அடித்தவர்கள், ஒயரிங் கட்டியவர்கள், ஷிஃப்ட் வேன் ஓட்டியவர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் டீ ஆற்றியவர்கள் எல்லாம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஆனால் கார் நிற்பதற்கு முன்பே அதன் பாகம் நின்றுவிடும். ஷெட்யூல் மாதாமாதம் இளைத்து, எங்கள் ஷாப்பில் எல்லோருக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. காலையில் அவரை உட்காரவைத்து முகச் சவரம் செய்வேன். கன்னத்தை உப்பச் சொன்னால் ஒரு கன்னம்தான் உப்பும். மறு கன்னத்தை என் விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்வேன். குழறிக் குழறி அவர் சொன்ன பழங்கதைகள் அதுவரை நான் கேட்டிராதவை. போகும் வரை பக்கத்தில் இருந்தேன்.

வேலை போனதும் நல்லதுக்குத்தான், அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடிந்ததே என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனதும் அதே மாதங்களில்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருவனுக்கு வேலை போக வேண்டுமா? வேலையில் இருக்கும்போதே அதற்கு நேரம் கிடைத்திருக்க வேண்டும்.

ஃபோர்டு அறிவிப்பு வந்தபோது மகள் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருந்தாள். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்றபோது அவள் மெக்கானிக்கல்தான் என்றாள். முடித்துவிட்டு இப்போது ஒரகடத்தில் தர ஆய்வில் இருக்கிறாள். நானும் அந்தப் பக்கமே இன்னொரு கம்பெனிக்குப் போகிறேன். பழைய சம்பளம் இல்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாடு மூன்று பேரும் சேர்ந்துதான்.

2025 அக்டோபர் 31 அன்று மறைமலைநகர் ஆலையில் எஞ்சின் தயாரிக்க ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருடத்துக்கு 2.35 லட்சம் எஞ்சின், அறுநூறுக்கும் மேற்பட்ட வேலை, 2029இல் உற்பத்தி. தொழிற்பேட்டையில் பழைய ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொண்டோம். சிலருக்குக் குரல் தழுதழுத்தது.

மகளிடம் சொன்னேன். “அப்பா, எஞ்சின்னா தகடு அடிக்கிற வேலை கம்மி. மெஷினிங்தான். எல்லாம் மைக்ரான் கணக்கு” என்றாள். உண்மைதான். எங்கள் டூல் ரூமில் இருந்தவர் ஒருவர் சொந்தமாக ஷெட் போட்டு லேத் ஓட்டுகிறார். போன ஞாயிறு அவரிடம் போய், இனி சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேசிவிட்டு வந்தேன். ட்ராயிங்கில் புதிதாக வந்திருக்கும் குறிகளை மகள் சொல்லித் தருகிறாள்.