சந்தாத்தாவி

தூத்துக்குடிக் கரையோர மாந்தருள் ‘சந்தாத்தாவி’ என்று வகைப்படுத்தத்தக்க ஓர் இனத்தார் உளர். திரைப்படச் செயலிகள் கேட்கும் சந்தா பத்து ரூபாய் ஏறினாலும் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றுவது இவர்தம் முதன்மையான இயல்பாகும். இவர்களைக் கஞ்சர் எனக் கருதுதல் பொருந்தாது. கிளியரிங் ஏஜென்சியில் அமர்ந்து, உரிய நாளில் எடுக்கப்படாத கன்டெய்னருக்கு விதிக்கப்படும் தாமதக் கட்டணமாகிய டெமரேஜ் லட்சத்தைத் தொடுவதைச் சலனமின்றிப் பார்க்கும் அண்ணாச்சி, தம் கைப்பேசியில் கட்டண உயர்வு அறிவிப்பைக் கண்டதும், “இத சும்மா விடக் கூடாதுல” என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

இவ்வினத்தாருக்கு 2021 டிசம்பர் ஒரு பொற்காலம். அமேசான் பிரைமின் ஆண்டுச் சந்தா 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக ஏறிய அதே மாதத்தில், நெட்ஃபிளிக்ஸ் தன் கைப்பேசித் திட்டத்தின் மாதக் கட்டணத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைத்ததால், அண்ணாச்சி தாவினார். அத்திட்டத்தில் படத்தைத் தொலைக்காட்சியில் காண இயலாது என்பது பின்னரே தெரியவந்தமையால், வீட்டார் நால்வரும் ஒரு கைப்பேசியைச் சுற்றித் தலைமுட்டி அமர்ந்து, கதாநாயகனின் முகத்தை முறைவைத்துப் பார்க்க நேர்ந்தது.

அடுத்த நிலை கடவுச்சொல் இரத்தல். சென்னையில் உள்ள மைத்துனரின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் இலவசமாக நுழைந்த அண்ணாச்சி, அந்நன்றிக்காக, முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூனைத் தவறாமல் கூரியரில் அனுப்பிவந்தார். மக்ரூன் விலையும் கூரியர் செலவும் சேர்ந்தால் சந்தாவை விஞ்சும் என்று இல்லத்தரசி காட்டிய கணக்கு, ‘அது வேற கணக்கு’ எனத் தள்ளுபடியாயிற்று. 2023 ஜூலையில் வேறு வீட்டார் ஒரே கணக்கைப் பகிர்வதை அந்நிறுவனம் இந்தியாவில் தடுத்தபின், உறங்கச் சென்ற மைத்துனரை அழைத்து, “மாப்ள, அந்த நம்பர் வந்துச்சா?” என்று தற்காலிகக் குறியீடு கேட்பது அவருடைய இரவு வழக்கமாயிற்று.

அண்ணாச்சி இலவசத்தின் உள்நோக்கம் அறியாதவரும் அல்லர். 1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்துவதற்காக, எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா, கட்டணமின்றிப் பயணிகளை ஏற்றிக் கையில் குடையும் கொடுத்த வரலாற்றை அவர் டீக்கடையில் விரிவாக எடுத்துரைப்பார். உரைத்த வாய் உலருமுன், 2023இல் ஐபிஎல் ஆட்டங்களை இலவசமாகக் காட்டிய ஜியோசினிமாவை நிறுவிக்கொண்டார். அது 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாருடன் இணைந்து கட்டணம் கேட்கத் தொடங்கியதும், “நான் அப்பவே சொன்னம்லா” என்று முதலில் முழங்கியவரும் அவரே.

இறுதிப் புகலிடம், மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ். மாடியில் ஏணி சாத்தி, கீழே நிற்கும் மகன் “வருது, வருது, போச்சு” என்று அறிவிக்க, டிஷ் குடையைத் திருப்பித் திருப்பி வைக்கும்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவு, எப்படத்தைக் கண்டபோதும் தோன்றியதில்லை. ஆய்ந்து நோக்கின், இவ்வினத்தாருக்குத் திரைப்படம் ஒரு சாக்கு. மாற்றுவழி தேடுவதே பொழுதுபோக்கு. ஆகவேதான், அண்ணாச்சி நெடுநாள் தேடிய படம் பொங்கலன்று தொலைக்காட்சியில் செலவின்றி வந்தபோது, விளம்பர இடைவேளையில் புதிய சலுகைத் திட்டம் ஒன்றைக் கண்டவர், அதன் விவரம் கேட்கக் கைப்பேசியுடன் வாசலுக்குச் சென்று, படம் முடிந்த பின்னரே உள்ளே வந்தார்.