நூற்றைம்பது வருடச் சேவைக்கு ஒரு ரொலெக்ஸ்

கேள்வி - பதில்

இந்த மாதம் பதுளைப் பக்கத்துக் கடிதங்களில் பாதி, கைக்கடிகாரத்தைப் பற்றியவை. போனிலேயே மணி தெரிகிற காலத்தில் இத்தனை பேருக்கு இந்த ஆசை மிச்சம் இருப்பதில் சந்தோஷம். எழுதியவர்கள் பெயர் போட வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் படிப்பார்களாம்.

கேள்வி: முப்பது வருட வேலை முடிந்து சேவைக்காலப் பணம் வரப்போகிறது. ஒரு ரொலெக்ஸ் கட்ட வேண்டும் என்பது வாலிபத்து ஆசை. கட்டலாமா?
(ஒரு கங்காணி, தெமோதரை)

பதில்: கட்டலாம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடத்துக்கு 420 நாள். 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை வைத்த 1,350 ரூபாயால் பெருக்கினால் 567,000 ரூபாய். ரொலெக்ஸ் சப்மரீனர் அமெரிக்கக் கடையிலேயே ஒன்பதாயிரம் டொலருக்கு மேல். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 27 இலட்சத்தைத் தாண்டும். உங்கள் பணத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆக, நூற்றைம்பது வருடச் சேவை வேண்டும். 1870களில், கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்தபோதே நீங்கள் பேர் பதிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிந்திவிட்டீர்கள், கங்காணியாரே.

ஆசையை விடச் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்குங்கள். ஐம்பதாயிரத்துச் சொச்சத்தில் சீகோ, ஒரியன்ட், சிட்டிசன் என்று நல்ல ஒட்டோமெட்டிக் வாட்ச் தேடலாம். மீதி ஒன்பது பங்கையும் வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் அந்த ஒரு பங்கு உங்கள் கையில் நிற்கும்.

கேள்வி: என் கெசியோ மாதத்துக்குச் சில விநாடிதான் பிசகுகிறது. மாமா இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சுவிஸ் வாட்ச் ஒரே நாளில் அவ்வளவு பிசகுகிறது. ஏமாந்தது யார்?
(உயர்தர மாணவன், பண்டாரவளை)

பதில்: யாரும் இல்லை. உன் கெசியோவுக்குள் ஒரு பளிங்குத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. மாமாவின் வாட்சுக்குள் இருக்கும் சக்கரம் பெரும்பாலும் விநாடிக்கு எட்டுத் தடவை தட்டும், அவ்வளவுதான். சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற சுவிஸ் நிறுவனமே, நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தினாலும் 6 விநாடி முந்தினாலும் போகட்டும் என்று விட்டுவிடுகிறது.

1969ஆம் ஆண்டு நத்தார் நாளில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது விலை 450,000 யென். ஒரு சின்னக் கார் வாங்கலாம். அன்றைக்குச் சரியான நேரம்தான் ஆடம்பரம். அது மலிந்து உன் கைக்கு வந்ததும், சுவிஸ்காரர்கள் கைவேலைக்கு விலை போட்டார்கள். மாமா காசு கொடுத்தது அதற்கு.

போகட்டும். 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணியையும் இழுத்த நாடு இது. இங்கே ஆறு விநாடிக்கு மாமாவைக் கோர்ட்டில் ஏற்ற முடியாது.

கேள்வி: என் புது வாட்சில் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. இராவணா எல்ல அருவியில் கட்டிக்கொண்டு குளிக்கலாமா?
(ஓட்டோ சாரதி, எல்ல)

பதில்: அருவியின் உயரமே 25 மீட்டர்தானே, ஐந்து மீட்டர் கைவசம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். அந்த 30 மீட்டர், ஆடாத தண்ணீரின் அழுத்தத்தில் வைத்துச் சோதித்த கணக்கு. கை கழுவலாம், மழையில் நனையலாம். நீந்த வேண்டுமென்றால் 100 மீட்டர் என்று போட்டது வேண்டும். 220 மீட்டர் தியலும அருவிக்கு எத்தனை மீட்டர் வாட்ச் என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

1927 ஒக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ரொலெக்ஸ் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பத்து மணித்தியாலத்துக்கு மேல் குளிரில் நீந்தியவரைக் கரை சேருமுன்பே படகில் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வாட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொலெக்ஸ் முதலாளி ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் அதைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டார். ஆகவே குளிக்கும்போது வாட்சை விட உங்களைப் பாருங்கள். அந்த அருவிப் பாறை வழுக்கும்.

கேள்வி: ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கட்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறேன். புறக்கோட்டையில் அதே மாதிரி கொப்பி கிடைக்கிறதாம். வாங்கவா?
(வரவேற்பாளர், எல்ல)

பதில்: நல்ல வாட்சைத் தெரிந்தவர் உங்கள் கையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவருக்கு அசலைக் கட்டினாலும் ஒன்றுதான். பிறகு யாருக்காகக் கொப்பி?

இன்னொன்றும் கவனியுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் நிற்கும் அந்த விலையுயர்ந்த கைகள் எல்லாம், ரயில் எத்தனை மணிக்கு என்று தேநீர்க் கடைக்காரரிடம்தான் கேட்கின்றன. ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேசன் வரை போக அனுமதிக்கிற 'டாப்லட்' வில்லை சாரதி கைக்கு வந்தால்தான் எஞ்சின் நகரும். அங்கே எந்தப் பிராண்டும் செல்லாது.

கேள்வி: அம்மா சவூதியில் வீட்டுவேலை செய்து கொண்டுவந்த சீகோ 5 நின்றுவிட்டது. வீசிவிட்டு நல்ல பிராண்டாக வாங்க நினைக்கிறேன்.
(ஆசிரியை, பசறை)

பதில்: நல்ல பிராண்டைத்தான் வீசப் பார்க்கிறீர்கள். 1963இலிருந்து வருகிற வரிசை. பெட்டரி கிடையாது, கை அசைந்தால் ஓடும். கிழமை காட்டும் சக்கரத்தில் அரபு எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வளைகுடாச் சந்தைக்கென்றே செய்தது. பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். பழைய வாட்ச் திருத்துநர் ஒருவரிடம் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல்லுங்கள். மேலே பாலிஷ் பிடிக்க விடாதீர்கள், முகத்துக்குப் புதிதாகச் சாயமும் வேண்டாம். அதற்கும் மனம் வரவில்லையென்றால், எத்தனை மாதச் சம்பளம் சேர்த்து வாங்கியது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வீசுங்கள்.

கேள்வி: தோட்டத்து ஆளுக்கு எதற்கு இவ்வளவு விலையில் வாட்ச் என்று சிரிக்கிறார்கள்.
(மடுல்சீமையிலிருந்து ஒருவர்)

பதில்: தோட்டத்து ஆளுக்குத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் விடியுமுன் தப்பு மேளம் அடித்தால் எழும்ப வேண்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் திரும்பிப் போக வேண்டும், வேலை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். பிந்தியதா இல்லையா என்று சொன்ன கடிகாரம் துரையுடையது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாட்டு நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திய 'பாகான் நேரம்' என்றே ஒன்று உண்டு. மணியைக்கூடத் தோட்டமே வைத்துக்கொண்டது. நம் தாத்தாமார் மணி பார்க்கவில்லை, மணிதான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேரன் தன் காசில் ஒரு கடிகாரம் வாங்கித் தன் இஷ்டத்துக்கு அதைப் பார்க்கிறான் என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? வாங்கியதை அலுமாரியில் பூட்டாமல் மலைக்கும் மடுவத்துக்கும் கட்டிப் போங்கள். கீறல் விழட்டும். கீறல் விழுந்தால் தாங்காது என்கிற விலையில் வாங்கினால்தான் சிரிப்பேன்.

கேள்வி: முதல் நல்ல வாட்ச். நல்ல நேரம் பார்த்து வாங்குவதா?
(ஒரு வாசகர், ஹாலிஎல)

பதில்: நேரம் பார்க்க வாட்ச் வேண்டும், வாட்ச் வாங்க நேரம் பார்க்க வேண்டும். இந்தச் சிக்கலை எந்தப் பஞ்சாங்கமும் அவிழ்க்காது. வீட்டில் அடகு ரசீது ஒன்றும் இல்லாத நாளாகப் பாருங்கள். அன்றைக்கு இராகு காலமும் பரவாயில்லை.